கலிஃபோர்னியாவில் வீட்டுக் கான்ட்ராக்டர் லைசென்ஸ் எடுப்பது எப்படி?

ஊரில் வீடு கட்டித் தரும் மேஸ்திரியிடம் லைசென்ஸ் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அவர் முன்பு கட்டிய வீட்டைப் போய்ப் பார்ப்போம், சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்போம், "ஆள் சொன்ன நேரத்துக்கு வருவாரா?" என்று அந்த வீட்டம்மாவிடம் விசாரிப்போம். அப்புறம் வெற்றிலை பாக்கோடு அட்வான்ஸ் கைமாறிவிடும்.

இந்தப் பழக்கத்தோடு கலிஃபோர்னியாவில் இறங்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும். தச்சு வேலையில் கெட்டிக்காரர். தெரிந்தவர்கள் வீட்டுச் சமையலறைகளை லைசென்ஸ் இல்லாமலே புதுப்பித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டுக்காரர் கடைசித் தவணையைத் தர மறுத்தார். கோர்ட்டுக்குப் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டபோது வந்த பதிலில் மனிதர் ஆடிப்போய்விட்டார். வழக்குப் போடும் உரிமையே அவருக்குக் கிடையாது. கிளறினால், ஏற்கெனவே வாங்கிய பணம் முழுவதையும் அந்த வீட்டுக்காரர் திருப்பிக் கேட்கலாம். மாநிலத்தின் தொழில் சட்டத்தில் 7031-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. வேலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், சாமான் வாங்கப் போட்ட சொந்தக் காசு எவ்வளவாக இருந்தாலும், சலுகை கிடையாது.

அதனால் முதலில் லைசென்ஸ். அதை எடுக்கும் வழியை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன். பரீட்சையை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை, ஆட்கள் உண்மையில் தடுக்கி விழும் இடம் மூன்றாவது படி. அதற்கு மட்டும் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

யாருக்கு லைசென்ஸ் வேண்டும்?

லைசென்ஸ் கொடுப்பது மாநிலக் கான்ட்ராக்டர் லைசென்ஸ் வாரியம். 1929-இல் தொடங்கியது, தலைமையிடம் சாக்ரமெண்டோ. எல்லோரும் சிஎஸ்எல்பி என்றே சொல்வார்கள். நகராட்சி தரும் வியாபார உரிமம் வேறு, இது வேறு. அதை வைத்துக்கொண்டு "லைசென்ஸ் இருக்கிறது" என்று விளம்பரம் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

சின்னச் சின்ன வேலைக்கு ஒரு விலக்கு இருக்கிறது. பல வருடங்கள் 500 டாலராக இருந்த வரம்பு, 2025 ஜனவரி 1 முதல் 1,000 டாலராக உயர்ந்தது. இதைக் கேட்டதும் "ஆயிரம் டாலருக்குள் என்ன வேலையும் செய்யலாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த ஆயிரத்தில் கூலியும் சாமானும் சேர்த்தி. அந்த வேலைக்குக் கட்டட பெர்மிட் தேவைப்படக் கூடாது. கூலிக்கு ஆள் வைத்திருக்கவும் கூடாது. குளியலறையை "ஓடு பதிக்க 900, பேசின் வைக்க 900" என்று இரண்டு பில்லாக உடைக்கிற சாமர்த்தியமும் செல்லாது. மொத்தமும் ஒரே வேலையாகத்தான் கணக்கில் வரும்.

விதியை மீறி முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். இது போக வாரியமே தனியாக அபராதம் போடலாம். பேரிடர் பகுதி என்று அறிவித்த இடத்தில் லைசென்ஸ் இல்லாமல் ஒப்பந்தம் பேசினால் குற்றத்தின் தரமே ஏறிவிடும். மாநிலச் சிறை வரை போகலாம். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் பாலிசேட்ஸ், ஈட்டன் காட்டுத்தீக்களில் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அங்கே வேலைக்குப் பஞ்சமே இல்லை. "இப்போதைக்குப் போய் வேலையைப் பிடிப்போம், லைசென்ஸ் பிறகு" என்று அங்கே கிளம்புவதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை.

முதல் படி: எந்த வகை?

வகைகள் நிறைய. வீடு கட்ட வருகிறவருக்கு மூன்றைத் தெரிந்தால் போதும்.

"பி" என்பது பொதுக் கட்டட கான்ட்ராக்டர். புதிதாக வீடு கட்டுவது, மாடி எடுப்பது, கொல்லையில் சிறுவீடு போடுவது எல்லாம் இதில் அடங்கும். இந்தச் சிறுவீட்டை இங்கே ஏடியு என்பார்கள். மாநிலச் சட்டம் தளர்ந்த பிறகு பல கான்ட்ராக்டர்களின் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. ஆனால் பி இருந்தால் எல்லாமே செய்யலாம் என்று அர்த்தமில்லை. ஒரு ஒப்பந்தத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு வேலைகளாவது இருக்க வேண்டும். ஃபிரேமிங் (வீட்டின் மரச்சட்டத்தை எழுப்பும் வேலை), தச்சு வேலை ஆகியவற்றை மட்டும் தனியாக எடுக்கலாம். "வீடு முழுக்க பெயிண்ட் மட்டும்" என்றால் பி செல்லாது, பெயிண்டிங்குக்கு உரிய தனி லைசென்ஸ் வேண்டும்.

"பி-2" என்பது வீட்டுப் புதுப்பிப்பு வகை, வந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. ஏற்கெனவே நிற்கும் மரச்சட்ட வீடுகளில் மட்டும், ஒரே ஒப்பந்தத்தில் மூன்று வகை வேலைகளாவது இருந்தால் செய்யலாம். பாரம் தாங்கும் சுவரைத் தொடக் கூடாது. புதிதாகக் குழாய் இழுப்பது, மின்கம்பி இழுப்பது கூடாது. இருப்பதில் சின்ன மாற்றம் செய்யலாம். சமையலறை, குளியலறை வேலையே செய்து வந்தவருக்கு ஃபிரேமிங் அனுபவம் இருக்காது. அவர் பி-யைத் துரத்தி ஏமாறுவதைவிட பி-2 எடுப்பது புத்திசாலித்தனம்.

"சி" என்பது தனித்தொழில்கள். சி-10 மின்வேலை, சி-36 பிளம்பிங், சி-39 கூரை, சி-33 பெயிண்டிங் என்று நீண்ட வரிசை. ஒரே தொழிலில் கை தேர்ந்தவர் இங்கிருந்து தொடங்கி, பிறகு பி-யைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: யார் பெயரில்?

தனி ஆளாகவா, கூட்டாகவா, கார்ப்பரேஷனா, எல்எல்சியா (உரிமையாளரின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கம்பெனி) என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். லைசென்ஸ் ஒட்டிக்கொள்வது அந்த அமைப்போடு. தனி ஆளாக எடுத்துவிட்டு அடுத்த வருடம் கம்பெனி ஆரம்பித்தால் திரும்பவும் விண்ணப்பம், திரும்பவும் கட்டணம். எல்எல்சி என்ற பெயர் நம்மவர்களுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் கான்ட்ராக்டருக்கு அது செலவு பிடித்த வழி. வழக்கமான பாண்டுக்கு, அதாவது நீங்கள் தவறினால் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு தரும் ஜாமீன் பத்திரத்துக்கு மேல், 1,00,000 டாலருக்கு ஊழியர் பாண்டு ஒன்று தர வேண்டும், குறைந்தது 10 லட்சம் டாலருக்குப் பொறுப்புக் காப்பீடும் வேண்டும். சின்னதாகத் தொடங்குகிறவர்கள் தனி ஆளாகவோ கார்ப்பரேஷனாகவோ தொடங்குவதே வழக்கம்.

எந்த அமைப்பானாலும், அனுபவத்தைக் காட்டி பரீட்சை எழுதும் ஓர் ஆள் வேண்டும். இவரைத் தகுதியாளர் என்று வைத்துக்கொள்வோம். அவர் நீங்களாகவும் இருக்கலாம், கம்பெனி அதிகாரியாகவோ ஊழியராகவோ இருக்கலாம். ஊழியர் என்றால் வாரத்துக்கு 32 மணி நேரமாவது, அல்லது கம்பெனி இயங்கும் நேரத்தில் 80 சதவீதமாவது, அங்கே உண்மையாகவே வேலை செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வலை விரித்திருப்பார்கள். "என் லைசென்ஸை உங்கள் கம்பெனியில் போட்டுக்கொள்ளுங்கள், மாதம் இவ்வளவு கொடுத்தால் போதும், நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன்" என்று யாராவது வருவார்கள். வேலையை மேற்பார்க்காத தகுதியாளர் சட்டப்படிக் குற்றவாளி. உங்கள் லைசென்ஸும் அவரோடு சேர்ந்து போகும்.

விசாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி எப்போதும் வரும். வாரியம் குடியுரிமை கேட்பதில்லை. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர், வரி கட்டுவதற்கான ஐடிஐஎன் எண்ணை வைத்தே விண்ணப்பிக்கலாம். ஆனால் லைசென்ஸ் கிடைப்பதும் அமெரிக்காவில் தொழில் செய்ய அனுமதி இருப்பதும் வேறு வேறு விஷயங்கள். எச்-1பி விசாவில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துக்கொண்டே வார இறுதியில் கான்ட்ராக்டர் தொழில் நடத்தினால் விசாவுக்கே ஆபத்து. எச்-4 விசாவில் வேலை அனுமதி அட்டை வைத்திருக்கும் துணைவருக்குச் சொந்தத் தொழில் செய்யத் தடையில்லை. எதற்கும் குடியேற்ற வக்கீல் ஒருவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

மூன்றாம் படி: நான்கு வருடக் கணக்கு

18 வயது நிறைந்திருக்க வேண்டும். அதோடு, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 10 வருடத்துக்குள் 4 வருட முழு அனுபவம் வேண்டும். எல்லோரும் இதை வாசித்துவிட்டு "எனக்கு 15 வருட அனுபவம் இருக்கிறதே" என்று நிமிர்ந்து உட்காருவார்கள். அனுபவம் என்று வாரியம் எதைச் சொல்கிறது என்று பார்த்ததும் பாதிப் பேர் தளர்ந்துவிடுவார்கள்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால், சித்தாளாகக் கல் தூக்கிய வருடங்கள் சேராது. உதவியாளராகவும் பயிற்சியாளாகவும் இருந்த காலமும் சேராது. கொத்தனாராக, அதாவது மேலே யாரும் நின்று சொல்லிக் கொடுக்காமல் தானே வேலையை முழுதாக முடிக்கும் ஆளாக இருந்த வருடங்கள்தான் கணக்கு. ஃபோர்மேன், மேற்பார்வையாளர், கான்ட்ராக்டர் ஆகிய நிலைகளும் சேரும். பி வகைக்கு, ஃபிரேமிங்கோடு கூட தொடர்பில்லாத வேறு இரண்டு வேலைகளிலாவது அனுபவம் காட்ட வேண்டும்.

படிப்புக்குத் தள்ளுபடி உண்டு. கட்டடக்கலை, கட்டுமானத் தொழில்நுட்பம், அல்லது இந்த வேலையோடு நேரடித் தொடர்புள்ள பொறியியலில் நான்கு வருடப் பட்டம் இருந்தால் அதிகபட்சம் 3 வருடம் வரை கழிக்கலாம். பி.இ. சிவில் படித்தவருக்கு இது பெரிய வரம். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த நண்பர் ஒருவர் "நானும் இன்ஜினியர்தானே" என்று கேட்டார். பாவம், வீடு கட்டுவதோடு அதற்கு நேரடித் தொடர்பை அவராலேயே சொல்ல முடியவில்லை. கணிதம், இயற்பியல், வணிகம் போன்ற பட்டங்களுக்கு 2 வருடம் வரை கிடைக்கலாம். எந்தப் பட்டமானாலும் குறைந்தது ஒரு வருடம் கையால் செய்த அனுபவம் இருந்தே ஆக வேண்டும். அண்ணா பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியலை அப்படியே அனுப்பிப் பயனில்லை. வெளிநாட்டுப் படிப்பை அமெரிக்கப் படிப்போடு ஒப்பிட்டுச் சான்று தரும் நிறுவனத்திடம் மதிப்பீடு வாங்கி, பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்டோடு சேர்த்து அனுப்ப வேண்டும். டிரான்ஸ்கிரிப்ட் வாங்க ஊரில் யாராவது அலைய வேண்டியிருக்கும், அந்த வேலையை இன்றே தொடங்கிவிடுங்கள்.

அடுத்தது சான்று. உங்கள் அனுபவத்தை நேரில் பார்த்த ஒருவர், வாரியத்தின் அனுபவச் சான்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதலாளி, கூட வேலை செய்தவர், வேறு கான்ட்ராக்டர், தொழிற்சங்கப் பிரதிநிதி, கட்டட ஆய்வாளர், ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர் ஆகிய யாராகவும் இருக்கலாம். பொய் சொன்னால் சத்தியம் மீறிய குற்றம் என்று ஒப்புக்கொண்டுதான் கையெழுத்து. "மாமா ஒரு கையெழுத்துதானே" என்று கேட்கிற காரியம் இல்லை.

கையெழுத்து கிடைத்ததும் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வந்த விண்ணப்பங்களில் குறைந்தது 3 சதவீதத்தையாவது தோண்டிப் பார்த்தே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சந்தேகம் வந்த விண்ணப்பம் அந்த 3-க்கு வெளியேயும் மாட்டும். அப்போது கேட்பது காகிதம்: டபிள்யூ-2, 1099 போன்ற வருமானப் படிவங்கள், சம்பளச் சீட்டு, உங்கள் பெயர் உள்ள பெர்மிட், ஒப்பந்தம், பில். ரொக்கமாகக் கூலி வாங்கி 4 வருடம் உழைத்தவர்களின் அனுபவம் அந்த நிமிடத்தில் காற்றில் கரைந்துவிடும். உழைத்தது உண்மை, காட்ட ஒன்றுமில்லை.

ஆகவே இப்போதுதான் வந்து இறங்கியவருக்கு என் ஆலோசனை: இன்றைக்கே ஒரு லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரிடம், சம்பளச் சீட்டோடு வேலைக்குச் சேருங்கள். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதி, எந்த முகவரி, என்ன வேலை, பெர்மிட் எண், மேற்பார்வையாளர் யார் என்று வாரம் ஒருமுறை எழுதுங்கள். வேலை நடக்கும்போது எடுத்த படங்களையும் தேதியோடு வையுங்கள். மூன்று வருடம் கழித்து அந்தக் கம்பெனியே மூடிப்போயிருக்கலாம். நோட்டு இருந்தால் யாரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து கேட்பது என்றாவது தெரியும்.

ஊரில் செய்த வேலை? அதுவும் 10 வருடத்துக்குள் இருந்து, நேரில் கண்டவர் சான்று தந்து, காகிதமும் இருந்தால் முன்வைக்கலாம். ஆனால் மதுரையில் கட்டிய வீட்டுக்கு சாக்ரமெண்டோவில் இருக்கும் ஓர் அதிகாரி ஆதாரம் தேடும்போது எவ்வளவு தூரம் நம்புவார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அதை மட்டும் நம்பி இருக்காமல், இங்கே ஒரு வருடமாவது சேர்த்துக்கொள்வது நல்லது.

சொந்த வீட்டைத் தானே கட்டியவருக்கும் அந்த அனுபவம் சேரும். ஆனால் வேலைக்கான தனிப் படிவங்கள், பெர்மிட், ஆய்வு முடிந்த அட்டை எல்லாம் வேண்டும். கான்ட்ராக்டரை வைத்துக் கட்டிவிட்டு, நின்று பார்த்ததை அனுபவம் என்று எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நான்காம் படி: விண்ணப்பம், கைரேகை

ஒரு வகைக்கான முதல் விண்ணப்பக் கட்டணம் 450 டாலர். நிராகரித்தாலும் இது திரும்பி வராது. படிவம் வாரியத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. நிரப்பித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் ஆட்களுக்குக் கொடுப்பது வீண். பெயர் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதே போல எல்லாக் காகிதத்திலும் இருக்கட்டும். இனிஷியலை ஓரிடத்தில் முன்னாலும் இன்னோரிடத்தில் பின்னாலும் எழுதி, அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்கி, கடைசியில் சம்பளச் சீட்டில் ஒருவர், விண்ணப்பத்தில் வேறொருவர் என்று ஆகிவிடுவது நமக்கே உரிய தலைவலி.

குறை இருந்தால் விண்ணப்பம் திருத்தத்துக்குத் திரும்பி வரும். 90 நாளுக்குள் சரி செய்து அனுப்பாவிட்டால் அது செத்துப்போகும், மறுபடி 450. வீடு மாறினால் முதலில் வாரியத்துக்கு முகவரியைச் சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் கைரேகை எடுக்கச் சொல்லி ஒரு படிவம் வரும். லைவ் ஸ்கேன் என்ற பலகை மாட்டிய கடைகள் ஊரெங்கும் இருக்கின்றன. மாநில நீதித் துறையும் எஃப்பிஐயும் பார்ப்பதற்கான கட்டணம் இரண்டும் சேர்ந்து சுமார் 50 டாலர், கடைக்காரரின் கூலி தனி. பழைய வழக்கு ஒன்று இருந்தாலே விண்ணப்பம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. எவ்வகைக் குற்றம், எவ்வளவு காலத்துக்கு முன் என்று பார்ப்பார்கள்.

ஐந்தாம் படி: இரண்டு பரீட்சைகள்

ஒன்று சட்டமும் வியாபாரமும், எல்லோருக்கும் பொது. இன்னொன்று தொழில் பரீட்சை. இரண்டும் கணினியில், நான்கில் ஒன்றைத் தேர்வது போன்ற கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மூன்றரை மணி நேரம். புத்தகம் பார்க்க முடியாது. தோற்றால் கட்டணம் கட்டி மறுபடி எழுதலாம், மொத்தம் 18 மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

வேலைக்காரர்கள் பெரும்பாலும் சட்டத் தாளில்தான் சறுக்குகிறார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும், ஊழியருக்கு எப்போது சம்பளம் தர வேண்டும், பணம் வராவிட்டால் வீட்டின் மேல் எப்படி உரிமைக் கோரிக்கை பதிவது, எந்த நோட்டீஸை எத்தனை நாளுக்குள் அனுப்புவது என்று நாட்கணக்காகவே கேட்பார்கள். வாரியம் தன் தளத்தில் ஒவ்வொரு பரீட்சைக்கும் இலவசப் படிப்புக் கையேடு வைத்திருக்கிறது. முதலில் அதைப் படியுங்கள். கோச்சிங் அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

சிவில் படித்த நம்மவர்கள் தொழில் தாளை அலட்சியமாக எடுத்துக்கொள்வார்கள். நமக்குத் தெரிந்தது கான்கிரீட் தூண், கம்பி கட்டுவது, செங்கல், சென்ட்ரிங். இங்கே வீடு என்றால் மரச்சட்டம். சுவருக்குள் மரக்கால்களைப் பெரும்பாலும் 16 அங்குல இடைவெளியில் நிறுத்துவார்கள். "டூ பை ஃபோர்" என்று சொல்லும் மரத்தை அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். இது தெரியாமல் கணக்குப் போட்டால் விடை எங்கோ போகும். பூகம்ப நாடு என்பதால், சுவர் பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் பலகைச் சுவர், அதை அஸ்திவாரத்தோடு கட்டும் ஆங்கர் போல்ட், ஹோல்டு டவுன் எல்லாம் முக்கியம். மில்லிமீட்டரை மறந்துவிட்டு அடி, அங்குலம், அங்குலத்தில் எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்று பழகுங்கள். ஒரு மாதம் ஃபிரேமிங் குழுவோடு நின்றால் ஆறு மாதம் புத்தகம் படித்ததற்குச் சமம்.

அரிசோனா, நெவாடா போன்ற சில மாநிலங்களில் பல வருடம் லைசென்ஸ் வைத்திருந்தவருக்குத் தொழில் தாளிலிருந்து விலக்கு கிடைக்கலாம். சட்டத் தாளை அவரும் எழுத வேண்டும்.

ஆறாம் படி: பாண்டு, காப்பீடு, கடைசிக் கட்டணம்

தேறிவிட்டீர்கள், ஆனால் லைசென்ஸ் இன்னும் கையில் இல்லை. கீழே உள்ளவற்றை அனுப்பினால்தான் எண் வரும்.

25,000 டாலர் பாண்டு. 2023 தொடக்கம் முதல் இந்தத் தொகை. 25,000-த்தைக் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. பாண்டு கம்பெனிக்கு வருடப் பிரீமியம் கட்டினால் போதும். கிரெடிட் ஸ்கோர் நன்றாக இருந்தால் சில நூறு டாலரில் முடியும். ஆனால் இதை இன்ஷூரன்ஸ் என்று எண்ணி நிம்மதியாக இருக்காதீர்கள். வீட்டுக்காரருக்குப் பாண்டு கம்பெனி பணம் கொடுத்தால், அடுத்த நாளே அதை உங்களிடம் வசூலிக்க வரும். தகுதியாளர் நீங்கள் இல்லையென்றால் அவருக்காக இன்னொரு பாண்டும் தேவைப்படலாம்.

ஊழியர் இழப்பீட்டுக் காப்பீடு, அல்லது "எனக்கு ஊழியரே இல்லை" என்ற உறுதிமொழி. கூரை, கான்கிரீட், ஏசி, ஆஸ்பெஸ்டாஸ் அகற்றல், மரம் வெட்டல் ஆகிய வகைகளுக்கு உறுதிமொழி செல்லாது, ஊழியர் இல்லாவிட்டாலும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். 2028 முதல் எல்லா வகைக்கும் இந்த விதி வருகிறது. உறுதிமொழி கொடுத்துவிட்டு, காலையில் ஹோம் டிப்போ என்ற கட்டடச் சாமான் கடை வாசலில் நிற்கும் இரண்டு பேரைக் கூலிக்கு ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு அந்த இருவரும் உங்கள் ஊழியர்கள். அவர்களில் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் தலையில்.

ஆஸ்பெஸ்டாஸ் பற்றிய ஒரு சின்னப் பரீட்சை உண்டு, புத்தகம் பார்த்தே எழுதலாம். முதல் லைசென்ஸ் கட்டணம் தனி ஆளுக்கு 200 டாலர், மற்ற அமைப்புகளுக்கு 350. காசோலை அனுப்பும் முன் வாரியத்தின் பக்கத்தில் தொகையை ஒருமுறை சரிபாருங்கள்.

பொதுப் பொறுப்புக் காப்பீட்டை எல்எல்சிக்கு மட்டும்தான் சட்டம் வற்புறுத்துகிறது. சட்டம் கேட்காவிட்டாலும் எடுங்கள். தண்ணீர்க் குழாயில் ஒரே ஓர் ஆணி இறங்கினால் போதும், இரண்டு மாடிக்குத் தரை மாற்ற வேண்டி வரும்.

எண் வந்த பிறகு

விளம்பரம், விசிட்டிங் கார்டு, ஒப்பந்தம், எஸ்டிமேட் எல்லாவற்றிலும் லைசென்ஸ் எண் இருக்க வேண்டும். கோவில் விழா மலரில் கொடுக்கும் கால் பக்க விளம்பரத்திலும்தான்.

நம்மவர்களுக்கு ஜீரணிக்கச் சிரமமாக இருப்பது அட்வான்ஸ் விதி. வீட்டுப் புதுப்பிப்பு வேலைக்கு அட்வான்ஸாக 1,000 டாலர் அல்லது ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம், இதில் எது குறைவோ அதுதான் வாங்கலாம். 60,000 டாலர் சமையலறைக்கும் அட்வான்ஸ் ஆயிரம்தான். ஊரில் மூன்றில் ஒரு பங்கு வாங்கி கம்பியும் சிமெண்டும் இறக்குவது போல இங்கே நடக்காது. அதற்குப் பிறகு வாங்கும் தவணைகளும் முடித்த வேலைக்கும் இறக்கிய சாமானுக்கும் மேல் போகக் கூடாது. ஆகவே கையில் முதல் வேண்டும், அல்லது சாமான் கடையில் கடன் கணக்கு வேண்டும். தவணைகளைச் சின்னச் சின்னதாக, வேலை முடியும் கட்டங்களோடு ஒட்டி எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் கையெழுத்தான ஒப்பந்தத்தை மூன்று நாளுக்குள் வீட்டுக்காரர் ரத்து செய்யலாம். 65 வயது ஆனவர் என்றால் ஐந்து நாள். அந்த நாட்கள் கழியும் முன் ஓட்டைப் பெயர்க்க ஆரம்பிக்காதீர்கள்.

1978-க்கு முன் கட்டிய வீட்டில் பெயிண்டைச் சுரண்டினாலோ சுவரை உடைத்தாலோ ஈயம் கலந்த தூசு எழும். அதற்கு மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு தரும் தனிச் சான்று வேண்டும். எட்டு மணி நேரப் பயிற்சி, கூடவே கம்பெனிக்கும் சான்று. வேலை செய்யும் ஒவ்வொரு நகரத்திலும் வியாபார உரிமமும் கேட்பார்கள், அது பெரிய சிரமம் இல்லை.

லைசென்ஸ் இரண்டு வருடத்துக்குச் செல்லும். புதுப்பிக்கும் கட்டணம் தனி ஆளுக்கு 450, மற்றவர்களுக்கு 700. தேதி தவறினாலும், நடுவில் பாண்டு ரத்தானாலும், காப்பீடு தீர்ந்தாலும் லைசென்ஸ் செயலிழந்துவிடும். அந்த இடைவெளியில் செய்த வேலைக்கும் தொடக்கத்தில் சொன்ன அதே 7031 பொருந்தும். பாண்டு, காப்பீடு, லைசென்ஸ் மூன்றின் தேதிகளையும் சமையலறை காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை வாரியத்தின் தளத்தில் என் எண்ணை நானே போட்டுப் பார்க்கிறேன். யார் வேண்டுமானாலும் அப்படிப் பார்க்கலாம். உங்களுக்கு வேலை தரும் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் பார்த்திருப்பார்.